அதிகம் ஓடாத மோட்டார் சைக்கிளின் பேட்டரியைக் காப்பது எப்படி

மியான்மரின் யாங்கோன் நகரில் பெரும்பாலான பகுதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை இருப்பதால், பெகு, தட்டோன், மோல்மேன் போன்ற ஊர்களிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் வண்டியைச் சொந்த ஊரிலேயே விட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழாவில் ஓடிய வண்டி, மே நடுவில் மழை பிடித்துக்கொண்ட பிறகு தீபாவளி வரை கொட்டகையில் நிற்பது நம் குடும்பங்களில் வழக்கமான ஒன்று. இப்படி நிற்கும் வண்டியில் முதலில் கெடுவது பேட்டரிதான்.

அதைக் காப்பாற்றுவதாக எண்ணி, வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள் என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. செல்ஃப் ஸ்டார்ட்டர் ஒவ்வொரு முறையும் பேட்டரியிலிருந்து பெரும் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போதோ சார்ஜ் மிகக் குறைவாகவே ஏறுகிறது, முகப்பு விளக்கு தானாக எரியும் வண்டிகளில் அதுவும் விளக்குக்கே போய்விடலாம். போதாததற்கு, சூடேறாத எஞ்சினுக்குள் ஈரம் தங்கி எண்ணெயோடு கலக்கிறது. மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. சாலையில் அரைமணி நேரமாவது ஓட்ட ஆள் இருந்தால் ஓட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் எஞ்சினைத் தொடாமல், பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் போடுவதே சரியான வழி.

சும்மா நிற்கும் பேட்டரி ஏன் இறங்குகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, ஈய அமில பேட்டரி எதனோடும் இணைக்கப்படாவிட்டாலும் தானாகவே மெல்ல இறங்கும். மூடிய வகை பேட்டரி 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்குச் சுமார் 3 விழுக்காடு இழக்கும். தண்ணீர் ஊற்றும் வகை அதைவிட அதிகமாக இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், தகரக் கூரையின் கீழே வைத்த பேட்டரிக்கும் வீட்டுக்குள் நிழலில் வைத்த பேட்டரிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மற்றொன்று, சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், திருட்டு அலாரம் போன்றவை எடுத்துக்கொள்ளும் சிறு மின்னோட்டம். 2 மில்லி ஆம்பியர் என்பது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் 30 நாளில் அது 1.4 ஆம்பியர் மணிக்கு (பேட்டரியில் உள்ள மின்சாரத்தை அளக்கும் அலகு) மேல் ஆகிறது. 110, 125 சிசி வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 5 ஆம்பியர் மணி அளவுள்ள சிறிய பேட்டரிதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டு மாதத்துக்குள் பாதிக்கு மேல் காலியாகிவிடுவதில் வியப்பில்லை. காலியான நிலையில் நிற்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிகிறது. நாள் செல்லச் செல்ல எந்தச் சார்ஜராலும் அதைக் கரைக்க முடியாமல் போகும்.

ஆகவே, மூன்று வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்று தெரிந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். முதலில் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும். வண்டியின் சட்டம் (ஃபிரேம்) முழுவதும் மைனஸோடு இணைந்திருப்பதால், பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சட்டத்தில் பட்டுவிட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். கழற்றிய பேட்டரியின் மேற்புறத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். தூசியும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் கசிய வழி உண்டாகும். சிமெண்டுத் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பதில் உண்மையில்லை. ஆனாலும் 2023 அக்டோபரில் பெகு நகருக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்த நமக்கு, உயரமான பலகைதான் பாதுகாப்பான இடம்.

சார்ஜர் வாங்கும்போது பெரிய சார்ஜர் விரைவாக ஏற்றும் என்று நினைக்க வேண்டாம். பேட்டரியின் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கே உகந்த மின்னோட்டம், அதாவது 5 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் பேட்டரிக்கான சார்ஜரில் போட்டால் சூடேறி, வீங்கி, சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி, நிறைந்ததும் தானாக 13.5 வோல்ட் அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் தானியங்கிச் சார்ஜரே நல்லது. பாதி இறங்கிய பேட்டரி நிறைய ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். கரண்டு விட்டுவிட்டு வரும் ஊரில் இந்த நேரம் ஒரே மூச்சில் கிடைக்காது; இடையிடையே நின்று ஏறுவதால் ஈய அமில பேட்டரிக்குத் தீங்கில்லை. சில சார்ஜர்கள் மட்டும் கரண்டு திரும்பி வந்ததும் தாமாகத் தொடங்காமல் பொத்தானை அழுத்தும் வரை காத்திருக்கும். கடையிலேயே ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்து, தானாகத் தொடங்கும் சார்ஜரையே வாங்குங்கள்.

சூரியத் தகட்டில் ஏற்ற விரும்புகிறவர்களுக்கு 10 வாட் தகடு போதும். வெயிலில் அது 20 வோல்ட் வரை காட்டும் என்பதால் நேரடியாக இணைக்காமல், நடுவே மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வைத்து, பேட்டரியை முதலிலும் தகட்டைப் பிறகும் அதில் இணைக்க வேண்டும். கன்ட்ரோலரும் ஓரளவு மின்சாரத்தைத் தின்னும். ஆடி மாதத்தில் நாள்கணக்காக வெயில் தலைகாட்டாதபோது அதை அப்படியே மாட்டி வைத்திருந்தால் பேட்டரி ஏறுவதற்குப் பதிலாக இறங்கிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால், இரு கோடுகளுக்கு இடையில் நீர்மட்டம் இருக்கிறதா என்று ஆறு செல்லிலும் பாருங்கள். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். மழைநீரோ ஆசிடோ கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால், சாமி விளக்கும் அடுப்பும் இருக்கும் அறையில் சார்ஜ் செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரி போட்டிருப்பவர்கள் அதற்கென உள்ள சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. சார்ஜரிலிருந்து எடுத்து ஓர் இரவு கழிந்த பின் அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும் பேட்டரி நிறைந்தது. 12.4 என்றால் சார்ஜ் செய்யும் நேரம் வந்துவிட்டது. 12.2 ஏறக்குறைய பாதி, 12.0 வரை இறங்க ஒருபோதும் விடக்கூடாது. மாதம் ஒருமுறை அளந்து, தேவைப்படும்போது சார்ஜ் செய்தாலே போதும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி பேட்டரிக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தால், வண்டி ஓட்டத் தெரியாத அம்மாவோ தம்பியோகூடக் கவனித்துக்கொள்ளலாம்.

ஊருக்கு வந்து பேட்டரியை மாட்டியதும், எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கிப் பிடித்து, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் வண்டியின் சார்ஜ் அமைப்பு நன்றாக வேலை செய்கிறது. காட்டாவிட்டால் பழுது மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையரிலோ, மின்சாரத்தை உண்டாக்கும் காயிலிலோ இருக்கக்கூடும், புதுப் பேட்டரி வாங்கிப் போட்டுப் பயனில்லை. பேட்டரி இல்லாமல் கிக்கரை உதைத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். மின்னழுத்தம் எகிறி பல்புகளும் கன்ட்ரோல் யூனிட்டும் எரிந்துபோகலாம். முழுதாகச் சார்ஜ் செய்து ஓர் இரவு வைத்தும் 12.4 வோல்ட்டில் நிற்க மறுக்கும் பேட்டரியை மாற்றிவிடுவதுதான் வழி. பழையதைச் சாக்கடையில் கொட்டாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள். அதன் ஈயத்துக்கு விலை உண்டு.