டிஸ்சார்ஜ் சம்மரியைச் சுருக்கித் தரும் சின்ன செயலி: நாமே செய்யலாம்

அம்மாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று கையில் நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது. எந்த மாத்திரையைத் தொடர வேண்டும், எதை நிறுத்தினார்கள், மறுபடி எப்போது காட்ட வேண்டும்? மூன்றுக்கும் பதில் அதற்குள்ளேயே இருந்தது, தேடி எடுக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. அதற்காகச் செய்ததுதான் இந்தச் செயலி. பைத்தானில் ஒரு ஃபங்ஷன் எழுதத் தெரிந்தால் போதும். ஆங்கில அறிக்கையைக் கொடுத்தால் சுருக்கமும் ஆங்கிலத்திலேயே வரும்.

படி 1: நிறுவுதல்

புதிதாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி, அதற்குள் பிப் மூலம் ஸ்ட்ரீம்லிட் (பிரவுசரில் திரை உருவாக்க), டிரான்ஸ்ஃபார்மர்ஸ் (மொழி மாடலை ஓட்ட), டார்ச் (அதற்கான கணக்கீடுகளைச் செய்ய) மூன்றையும் நிறுவுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் 4-ஆம் பதிப்பு வரிசையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நமக்கு வேண்டிய சம்மரைசேஷன் பைப்லைன், அதாவது உரையைக் கொடுத்தால் சுருக்கித் தரும் ஆயத்த வசதி, அதில் இருக்கிறது.

படி 2: மாடல்

மாடல்களைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்திலுள்ள பார்ட்-லார்ஜ்-சிஎன்என் மாடலை எடுத்துக்கொள்வோம். ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட பார்ட் மாடலைச் செய்திக் கட்டுரைகளில் பழக்கி எடுத்தது இது. முதல் தடவை சுமார் 1.6 ஜிபி டவுன்லோடு ஆகும்; அப்புறம் இணையமே வேண்டாம். இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் முதல் காரணம். ஒருவருடைய நோய் விவரம் அவர் வீட்டுக் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது.

பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரீம்லிட் உங்கள் கோப்பை மேலிருந்து கீழ்வரை மறுபடி ஓட்டும். மாடலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏறாமல் இருக்க, அதை ஏற்றும் ஃபங்ஷனுக்கு மேலே கேஷ் ரிசோர்ஸ் டெக்கரேட்டரைப் போட மறக்காதீர்கள்.

படி 3: திரை

அறிக்கையை ஒட்ட ஒரு டெக்ஸ்ட் ஏரியா, சுருக்கச் சொல்ல ஒரு பட்டன். அவ்வளவுதான்.

படி 4: எதைச் சுருக்கக் கூடாது?

இங்கேதான் நிதானம் வேண்டும். முழு அறிக்கையையும் அப்படியே மாடலுக்குள் தள்ளிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். இந்த மாடல் ஒரு தடவைக்கு 1024 டோக்கன்கள்தான் (சொற்கள் அல்லது சொல் துண்டுகள்) வாங்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மருந்துச் சீட்டு. "மெட்ஃபார்மின் 500 மிகி 1-0-1" என்றால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று நமக்குத் தெரியும். செய்தி படித்துப் பழகிய மாடலுக்கு 1-0-1 வெறும் எண்கள். அதை விட்டுவிடலாம், மாற்றியும் எழுதிவிடலாம்.

அதனால் அறிக்கையைத் தலைப்பு வாரியாகப் பிரியுங்கள். தலைப்பில் மெடிகேஷன், அட்வைஸ், ஃபாலோ-அப் என்ற சொற்கள் வந்தால் அந்தப் பகுதி மாடலிடம் போகவே வேண்டாம். ஸ்ட்ரீம்லிட்டின் டெக்ஸ்ட் ஃபங்ஷனால் அப்படியே காட்டுங்கள். மார்க்டவுனில் காட்டினால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்த மாத்திரைக்கு எந்த அளவு என்று குழம்பும்.

நோயின் வரலாறு, சிகிச்சை விவரம் போன்ற பத்திகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பைப்லைனுக்கு அனுப்புங்கள். சுருக்கத்தின் அதிகபட்ச நீளம் 130 டோக்கன், குறைந்தபட்சம் 30 என்று வைத்து, மாடல் சொற்களைக் குலுக்கல் முறையில் எடுக்காமல் இருக்க டூ சாம்பிளை ஃபால்ஸ் ஆக்குங்கள். அறுபது சொல்லுக்குக் குறைவான பத்தியைச் சுருக்காமலே காட்டிவிடுங்கள். ஏற்கெனவே குட்டியாக இருப்பதை இன்னும் சுருக்கி என்ன கிடைக்கப்போகிறது?

படி 5: சரிபார்ப்பு

எண்களைத் தேடிப் பிடிக்கும் [0-9]+(?:\.[0-9]+)? என்ற ரெகெக்ஸை மூலத்திலும் சுருக்கத்திலும் ஓட்டி, இரண்டு பட்டியல்களையும் செட் ஆக்குங்கள். மூலத்தில் இல்லாத எண் ஒன்று சுருக்கத்தில் வந்தாலும் அந்தச் சுருக்கத்தைக் காட்டாமல் மூலப் பத்தியைக் காட்டுங்கள்.

'இல்லை' என்பது தொலைந்துபோவதை இந்தச் சோதனை பிடிக்காது. "சர்க்கரை நோய் இல்லை" என்று எழுதியிருந்ததில் கடைசிச் சொல் போனால் கதையே மாறிவிடும். ஆகவே நோ, நாட், டினைஸ், ஸ்டாப்டு ஆகிய ஆங்கிலச் சொற்கள் வரும் மூல வாக்கியங்களைத் தனியே எடுத்து, சுருக்கத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் வையுங்கள்.

படி 6: ஓட்டிப் பார்த்தல்

டெர்மினலில் ஸ்ட்ரீம்லிட் ரன் கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள். பிரவுசரில் 8501 போர்ட்டில் பக்கம் திறக்கும். முதலில் யாருடைய உண்மையான அறிக்கையும் வேண்டாம்; நீங்களே ஒன்றை எழுதுங்கள். அதில் நிறுத்தப்பட்ட மாத்திரை ஒன்று, இல்லாத நோய் ஒன்று, 0.5 மிகி அளவு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மூன்றும் திரையில் மாறாமல் வந்தால் மட்டும் வீட்டில் இருப்பவர்களிடம் கொடுங்கள். மாத்திரையைக் கையில் எடுக்கும்போது அவர்கள் பார்க்க வேண்டியது மருத்துவர் எழுதிய தாளைத்தான் என்ற வரியையும் பக்கத்தின் உச்சியில் பெரிதாகப் போட்டுவிடுங்கள்.