கிக்ஆஃப்ல தூரம் முக்கியமா, ஹேங் டைம் முக்கியமா? கணக்கு போட்டுப் பாக்கலாம்

அமெரிக்கன் ஃபுட்பால்ல கிக்ஆஃப் (எதிர் டீமுக்கு பந்தை உதைச்சு அனுப்பி ஆட்டத்தை ஆரம்பிக்கறது) நேரத்துல கிக்கர் பந்தை நல்லா தூரமா உதைச்சா கூட்டம் கைதட்டும், ஆனா ஸ்பெஷல் டீம்ஸ் கோச் (உதைக்கற ஆட்டங்களைப் பாத்துக்கறவர்) கையில ஸ்டாப்வாட்ச் இருக்கும், அவர் பாக்குறது பந்து எவ்ளோ நேரம் ஆகாசத்துல நின்னுச்சுன்னு. அதுதான் ஹேங் டைம். கால் பந்துல பட்ட நொடில அமுக்குங்க, எதிர் டீம்காரன் புடிச்ச நொடில நிறுத்துங்க, அவ்ளோதான்.

ஹைஸ்கூல் மேட்சையே எடுத்துக்குவோம், அங்க உதைக்கற டீம் தன்னோட 40 யார்டு லைன்லேர்ந்து கிக் பண்ணும் (மைதானம் 100 யார்டு, ரெண்டு பக்க கோல் லைன்லேர்ந்தும் நடுவுல 50 வரைக்கும் எண்ணுவாங்க). உங்க பசங்க ஓடிவந்து மறிக்கறதுக்கு செகண்டுக்கு சுமாரா 8 யார்டு போறாங்கன்னு வைங்க (இது என் குத்துமதிப்பு, உங்க பசங்களை ஓடவிட்டு நீங்களே அளந்துக்கோங்க). ஒரு கிக் 55 யார்டு போகுது, ஆனா 3.2 செகண்டுதான் மேல நிக்குது. இன்னொண்ணு 50 யார்டுதான், ஆனா 4 செகண்டு. முதல் கிக்ல எதிர் டீம்காரன் அவனோட 5 யார்டு லைன்ல புடிக்கும்போது உங்க ஆளுங்க இன்னும் சுமார் 29 யார்டு தள்ளி இருப்பாங்க, ரெண்டாவதுல அவன் 10ல புடிக்கிறான் ஆனா வெறும் 18 யார்டு இடைவெளி. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல ஓடி நடுவுல மோதிக்கிட்டா முதல் கிக்ல மோதுறது கிட்டத்தட்ட 20ல, ரெண்டாவதுல 19ல. அதாவது 5 யார்டு கம்மியா உதைச்சும் நமக்கு ஒண்ணும் நஷ்டமில்ல, அது மட்டுமில்ல, 29 யார்டு காலி இடம் கிடைச்சா அவன் வேகம் புடிச்சு ஒரு சந்து பாத்து புகுந்துட்டான்னா டச்டவுன்தான் (உங்க கோல் லைனைத் தாண்டி பாயிண்ட் எடுத்துடுவான்), கதை முடிஞ்சுது.

இதுலேர்ந்து ஒரு சுலபமான மார்க் போடலாம்: தூரம் + (8 × ஹேங் டைம்). முதல் கிக் 80.6, ரெண்டாவது 82. பிராக்டிஸ்ல பத்து கிக் உதைக்கவிட்டு ஒவ்வொண்ணுக்கும் இதை எழுதி வைங்க, எந்த கிக்கை மேட்ச்ல யூஸ் பண்ணணும்னு நோட்டே சொல்லும். இந்தக் கணக்குல 1 யார்டும் 0.125 செகண்டும் ஒண்ணு.

உயரம் வேணும்னா பந்தோட கீழ்ப்பகுதில அடிக்கணும், ஊணுற காலை ரொம்ப முன்னாடி கொண்டுபோகாம வைக்கணும். எதிர்காத்து பலமா இருந்தா இதை மறந்துருங்க, உயரமா போன பந்தை காத்து திருப்பித் தள்ளிடும், அப்போ தாழ்வா உதைக்கறதுதான் புத்திசாலித்தனம்.

இப்போ விதிவிலக்கு. ஹைஸ்கூல்ல பந்து கோல் லைனைத் தாண்டினாலே டச்பேக், எதிர் டீம் அவங்க 20லதான் ஆரம்பிக்கணும், ரிட்டர்னே (பந்தைப் புடிச்சு திருப்பி ஓடறது) கிடையாது. அதனால உங்க கிக்கருக்கு அந்த அளவுக்கு கால் பலம் இருந்தா ஹேங் டைமாவது ஒண்ணாவது, கண்ணை மூடிட்டு தூரமா உதைங்க. காலேஜ்ல 35லேர்ந்து கிக், 2018லேர்ந்து 25க்கு உள்ள ஃபேர் கேட்ச் (கையைத் தூக்கி ஆட்டி ‘நான் ஓடல’ன்னு காட்டிட்டு புடிக்கறது) புடிச்சாலே 25ல பந்து கிடைச்சுடும், அதனால உயரமா உதைச்சு 5ல போட்டா அவன் கையைத் தூக்கி ஆட்டிட்டு போயிடுவான், கஷ்டப்பட்டது வேஸ்ட்.

என்எஃப்எல்ல (அமெரிக்காவோட தொழில்முறை லீக்) கதையே வேற. 2024லேர்ந்து கிக்கரைத் தவிர மத்த 10 பேரும் எதிர் டீமோட 40 யார்டு லைன்லயே நிக்கணும், பந்து தரையிலயோ ஆள் மேலயோ படுற வரைக்கும் அசையக்கூடாது. பந்து மேல 3 செகண்டு நின்னா என்ன 5 செகண்டு நின்னா என்ன, அவங்க ஓடப்போறதில்ல. மேல இருக்க ஃபார்முலா அங்க செல்லாது. டச்பேக் ஆனா 2025லேர்ந்து 35ல பந்து குடுக்கறாங்க, அதனால கோல் லைனுக்கும் 20க்கும் நடுவுல விழுந்து ஏடாகூடமா துள்ளுற கிக்குக்குத்தான் மவுசு.

அப்புறம் ஒண்ணு, ஓரத்துல போட்டு மடக்கலாம்னு ஆசைப்பட்டு பந்து நேரா வெளில போயிடுச்சுன்னா ஹைஸ்கூல், காலேஜ் ரெண்டுலயும் எதிர் டீம் அவங்க 35லேர்ந்து ஆடலாம். புது கிக்கரா இருந்தா ஓரத்துப் பக்கமே அனுப்பாதீங்க.