ஆக்சிலோடு சஸ்பென்ஷனையும் சேர்த்துச் செய்யலாமா? பழைய கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி 800, ஆல்ட்டோ, சான்ட்ரோ, ஸ்விஃப்ட் என்று குமரி மாவட்டத்து வீட்டு முற்றங்களில் நிற்கும் பழைய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அவற்றில் ஆக்சில், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு, வேலை வைத்துவிட்டால், "எப்படியும் பிரிக்கோம்லா சார், சஸ்பென்ஷனையும் சேத்து முடிச்சிருவோமா?" என்று மெக்கானிக் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதுதான். ஆக்சிலை வெளியே எடுக்க, அதன் நுனியைச் சக்கரத்தோடு இறுக்கிப் பிடிக்கும் ஹப் நட்டைக் கழற்ற வேண்டும். பிறகு சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்டை (உருண்டை மூட்டை)ப் பிரித்தோ ஷாக் அப்சார்பரின் அடிப்பக்கப் போல்ட்டுகளை எடுத்தோ சக்கரக் கட்டை வெளிப்புறமாக இழுத்தால்தான் ஆக்சில் விடுபடும். ஆகவே சஸ்பென்ஷனில் ஒரு பகுதி அந்த வேலையின் வழியிலேயே இருக்கிறது. மறுபகுதி வழியில் இல்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் முடிவெடுப்பதிலிருந்துதான் செலவு கைமீறத் தொடங்குகிறது.

முதல் தவறு, எல்லாச் சத்தங்களையும் ஒரே கணக்கில் எழுதுவது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது "டக் டக்" என்று தொடர்ந்து கேட்டால் ஆக்சிலின் வெளி ஜாயிண்ட் (சக்கரப் பக்கத்து மூட்டு) தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நேர்சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் வண்டி அதிர்ந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்டைச் சந்தேகிக்க வேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒற்றைத் தட்டாகக் கேட்பது சஸ்பென்ஷனின் லிங்க் ராடு, ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆக்சிலை மாற்றினாலும் அந்தச் சத்தம் அப்படியே இருக்கும். வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தம் வீல் பேரிங்குடையதாகவோ, ஒருபக்கமாகத் தேய்ந்த டயருடையதாகவோ இருக்கும். வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு வருவதைவிட, மெக்கானிக்கைப் பக்கத்தில் அமர்த்தி ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது மேல். அந்தப் பத்து நிமிடத்தைப் பலரும் வீண் என்று நினைக்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படி நினைத்து, மாற்றத் தேவையில்லாத ஆக்சில் ஒன்றுக்குப் பணம் கொடுத்தேன்.

அடுத்தது, ஜாயிண்டின் கிரீஸைக் காக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்தவுடன் முழு ஆக்சிலையும் மாற்றிவிடுவது. சத்தம் எதுவும் வராமல், உள்ளே கிரீஸ் இன்னும் சுத்தமாக இருந்தால், ஜாயிண்டைக் கழுவிப் புதிய கிரீஸும் பூட்டும் போட்டாலே போதும். ஆனால் இதைத் தள்ளிப்போடும் வசதி நமக்கு இல்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டச் சாலைகளில் கிழிந்த பூட்டோடு ஒரு மழைக்காலம் ஓடினால், சேறு புகுந்து ஜாயிண்டே போய்விடும்.

இனி, சேர்த்துச் செய்ய வேண்டியவற்றை வேண்டாம் என்பதும் தவறே. பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தாலோ, லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருந்தாலோ, வீல் பேரிங் ஊளையிட்டாலோ, அவற்றை அதே நாளில் மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அதே போல்ட்டுகளைக் கழற்றுவதற்கு இன்னொரு முறை கூலியும், வீல் அலைன்மென்ட்டுக்கு இன்னொரு முறை பணமும் கொடுக்க நேரும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். உப்புக்காற்றில் துருவேறி இறுகிய போல்ட் ஒருமுறை உடையாமல் கழன்று வருவதே பெரிது. அதை இருமுறை சோதிப்பானேன்?

ஆனால் பின்பக்க ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் ரேக், குறையில்லாத மறுபக்க ஆக்சில் ஆகியவை இந்த வழியில் வருபவை அல்ல. "வண்டி பழசாச்சு" என்ற ஒரே காரணத்துக்காக அவற்றையும் பட்டியலில் சேர்ப்பதால் கூலியில் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. ஜோடியாக மாற்ற வேண்டியது எது என்பதிலும் குழப்பம் உண்டு: ஷாக் அப்சார்பர்களை இடதும் வலதுமாக ஜோடியாக மாற்றுவதே முறை, ஆக்சிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

செலவு பெரிதாக இருக்குமானால், வண்டியை இன்னும் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறோம் என்பதையும் முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதினான்காம் ஆண்டில் நிற்கும் டிஎன் 74 (நாகர்கோவில் பதிவு) வண்டியை விற்கப் போகிறவரும், புதுப்பித்து ஓட்டப் போகிறவரும் ஒரே பட்டியலுக்குச் சம்மதிக்கத் தேவையில்லை. ஆட்டம் கண்ட பால் ஜாயிண்டை மட்டும் இருவருமே விட்டுவைக்கக் கூடாது. அது கழன்றால் சக்கரம் ஓட்டத்திலேயே சாய்ந்துவிடும்.

வேலை நடக்கும்போது நேரும் தவறுகள் சில, சேர்த்துச் செய்ததன் பயனையே கெடுத்துவிடும். சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகி நின்று, விரைவில் கிழியும். எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் இறுதியாக முறுக்க வேண்டும். ஹப் நட்டைப் புதிதாகப் போட்டு, அந்த மாடலுக்குரிய அளவில் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்காவிட்டால், புதிய பேரிங்கும் நாள் தாங்காது. ஆக்சிலை உருவும்போது கியர் ஆயில் ஒழுகும் என்பதால், தேய்ந்த ஆயில் சீலையும் அப்போதே மாற்றி, குறைந்த ஆயிலை நிரப்பச் சொல்ல வேண்டும். அலைன்மென்ட்டை எல்லாம் முடிந்தபின் ஒரே முறை பார்த்தால் போதும்.