கூடைப்பந்தின் தலைசிறந்த வீரர் யார்? புதிதாக விவாதத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஜோர்டனா, லெப்ரானா? அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவைப் பார்க்கும் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வந்தால் சீக்கிரமே குரலும் உயர்ந்துவிடும். ஒருவர் "ஆறு பட்டம்" என்பார், இன்னொருவர் "நாற்பதாயிரம் புள்ளி" என்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பதிலே இல்லை.

எனக்கு இந்த விவாதம் மிகவும் பிடிக்கும். ஒழுங்காகச் செய்தால், கூடைப்பந்தின் வரலாற்றைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சுவையான வழி கிடையாது. இப்போதுதான் ஆட்டம் பார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள், பேச்சில் கலந்துகொள்ளத் தயக்கமாக இருக்கிறது என்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

தலைசிறந்தவர் என்றால் எதில்? உச்சத்தில் இருந்தபோது யாரைத் தடுக்கவே முடியவில்லை என்பது ஒரு கேள்வி. ஆடிய எல்லா வருடங்களையும் கூட்டினால் யார் அதிகம் சாதித்தார் என்பது வேறு கேள்வி. தன் அணியை அதிக தடவை ஜெயிக்க வைத்தவர் யார் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஜோர்டன், இரண்டாவதற்கு லெப்ரான், மூன்றாவதற்கு பில் ரஸ்ஸல் என்று ஒரே ஆள் மூன்று பதில் சொல்லலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. எனவே வாயைத் திறக்கும் முன் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லையும் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே நான் ஆண்களின் என்பிஏவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெண்கள் கூடைப்பந்தில் ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்ற டயானா டொராசியை வைத்து நடக்கும் விவாதம் இதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

படி 2: ஐந்து பேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட், கோபி பிரையன்ட், டிம் டங்கன், ஸ்டீஃபன் கரி எல்லோருக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனாலும் ஆரம்பத்தில் இந்த ஐந்து பேர் போதும்.

பில் ரஸ்ஸல். பாஸ்டன் செல்டிக்ஸில் ஆடிய 13 பருவங்களில் 11 பட்டங்கள். அதில் எட்டு தொடர்ந்து வந்தவை. கடைசி இரண்டையும் அவரே பயிற்சியாளராகவும் இருந்துகொண்டு வென்றார்.

வில்ட் சேம்பர்லைன். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரத்தில், நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள்.

கரீம் அப்துல்-ஜப்பார். ஆறு பட்டங்கள். ஆறு எம்விபி, அதாவது பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது. அதை அவர் அளவுக்கு யாரும் வாங்கியதில்லை. 38,387 புள்ளிகள். மொத்தப் புள்ளிகளில் 1984 முதல் 2023 வரை, ஏறக்குறைய 39 வருடம், அவர்தான் முதலிடம்.

மைக்கேல் ஜோர்டன். சிகாகோ புல்ஸுக்காக ஆறு இறுதித் தொடர்கள், ஆறிலும் வெற்றி, ஆறிலும் தொடரின் சிறந்த வீரர் விருது. பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பெயரைப் பத்து தடவை வாங்கியவர். 1988இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரரும் அவர்தான்.

லெப்ரான் ஜேம்ஸ். மூன்று வெவ்வேறு அணிகளுடன் நான்கு பட்டங்கள், நான்கு எம்விபி. புள்ளியில் 42,000ஐத் தாண்டியவர். ரீபவுண்டிலும் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது) அசிஸ்ட்டிலும் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுப்பது) பத்தாயிரத்தைத் தாண்டியவர். மூன்றையும் சேர்த்து வைத்திருப்பவர் வேறு யாரும் இல்லை.

படி 3: எண்ணைப் பார்த்ததும் மயங்காதீர்கள்

சேம்பர்லைனையே எடுத்துக்கொள்வோம். 1961-62 பருவத்தில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். இதைக் கேட்டதும் அப்புறம் என்ன விவாதம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பருவத்தில் எம்விபி அவருக்குக் கிடைக்கவில்லை, ரஸ்ஸலுக்குப் போனது. அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் களத்தில் நின்று இருவரையும் எதிர்கொண்ட சக வீரர்கள்.

அந்தக் காலத்தில் ஆட்டம் ஓட்டமாக ஓடியது. ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக 108 தடவை கூடையை நோக்கி எறிந்தது. இன்று அது 90ஐ ஒட்டி இருக்கிறது. எறிவது அதிகமானால் புள்ளியும் கூடும், தவறிய பந்துகள் அதிகமானால் ரீபவுண்டும் கூடும். போதாததற்கு சேம்பர்லைன் களத்தை விட்டு வெளியே வரவே மாட்டார். ஆட்டம் 48 நிமிடம். அவருடைய சராசரி 48.5 நிமிடம். ஸ்கோர் சமமாக முடிந்தால் கூடுதலாக ஆடும் ஓவர்டைமும் சேர்வதால்தான் அப்படி. அந்த 50.4 பொய்யில்லை, பிரமாண்டமானதுதான். ஆனால் அதை இன்றைய 30க்குப் பக்கத்தில் அப்படியே வைத்து ஒப்பிட முடியாது.

எண்ணப்படாத விஷயங்களையும் நினைவில் வையுங்கள். ஸ்டீலையும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) பிளாக்கையும் (எறிதலைத் தட்டிவிடுவது) 1973-74 பருவத்திலிருந்துதான் கணக்கு வைத்தார்கள். ரஸ்ஸலின் முழுப் பெருமையும் எதிராளியின் எறிதலைத் தட்டிவிடுவதில்தான் இருந்தது. அவர் மொத்தம் எத்தனை பிளாக் செய்தார் என்பதற்கு அதிகாரபூர்வமான ஒரு எண்ணும் கிடையாது. மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது தொடங்கியதே ரஸ்ஸலின் கடைசிப் பருவமான 1969இல்தான். அந்த வருடம் அது தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட்டுக்குப் போய்விட்டது. ஆக, பதினொரு பட்டம் வென்ற ரஸ்ஸலிடம் அந்த விருது ஒன்றுகூட இல்லை. இன்று அந்த விருதுக்கு வைத்திருக்கும் பெயர் பில் ரஸ்ஸல் விருது! பட்டியலை மட்டும் பார்த்து அவருக்கு அங்கே பூஜ்ஜியம் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

படி 4: பட்டக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

விவாதம் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான். பேச்சு இப்படித்தான் போகும்:

"ஜோர்டன் ஆறுக்கு ஆறுடா. ஒரு ஃபைனல்ஸ் கூடத் தோத்ததில்ல."

"லெப்ரான் பத்து தடவை ஃபைனல்ஸ் போயிருக்கான் மச்சான், அது உனக்குப் பெருசாத் தெரியலையா?"

"போய் என்ன? ஆறு தடவை தோத்தான்ல?"

இந்த இடத்தில் நீங்கள் கேட்க வேண்டியது, இறுதித் தொடரில் தோற்பது முதல் சுற்றில் தோற்பதைவிட மோசமா என்பது. ஜோர்டன் 1985, 1986, 1987 என்று வரிசையாக மூன்று வருடம் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அடுத்த மூன்று வருடமும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவரை நிறுத்தியது. இறுதித் தொடரை மட்டும் எண்ணினால் இந்தத் தோல்விகள் எல்லாம் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இது நியாயமான கணக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. சொல்லப்போனால் நான் ஜோர்டன் கட்சி.

அதே சமயம் லெப்ரான் தரப்பும் 2011ஐத் தாண்டிப் போய்விடக் கூடாது. அந்த இறுதித் தொடரில் டல்லாஸுக்கு எதிராக அவருடைய சராசரி 17.8 புள்ளிகள். பக்கத்தில் டுவைன் வேட், கிறிஸ் பாஷ் என்ற இரண்டு நட்சத்திரங்கள் இருந்தும் தோற்றார்கள். ஜோர்டனின் இறுதித் தொடர்களில் இப்படி ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது.

ஒரு ஆட்டக்காரர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தும் தோற்க முடியும் என்பதற்கு இருவரிடமும் சாட்சி இருக்கிறது. 1986 பிளேஆஃபில் (பருவம் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் தொடர்கள்) பாஸ்டனுக்கு எதிராக ஜோர்டன் 63 புள்ளிகள் எடுத்தார். புல்ஸ் இரண்டு ஓவர்டைமுக்குப் பிறகு தோற்றது. 2018 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிராக லெப்ரான் 51 எடுத்தார். ஸ்கோர் சமமாக இருக்கிறது, சில நொடிகள்தான் பாக்கி, தவறிய ஃப்ரீ த்ரோவின் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடுப்பில்லாத எறிதல்) ரீபவுண்ட் அவருடைய அணியின் ஜே. ஆர். ஸ்மித் கையில். அவர் கூடையை நோக்கிப் போகாமல் பந்தைத் தட்டிக்கொண்டே வெளியே ஓடினார். லெப்ரான் இரண்டு கைகளையும் நீட்டி அவரிடம் ஏதோ கேட்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது. ஓவர்டைமில் தோல்வி. பட்டக் கணக்கில் இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் மதிப்பு பூஜ்ஜியம்.

பட்டம்தான் எல்லாம் என்று எதிரில் இருப்பவர் விடாமல் நின்றால், ராபர்ட் ஹாரியின் பெயரைச் சொல்லுங்கள். அவரிடம் ஏழு பட்டங்கள், ஜோர்டனைவிட ஒன்று அதிகம். நல்ல வீரர், கடைசி நொடியில் நம்பிப் பந்தைக் கொடுக்கலாம். ஆனால் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகாதவர்.

கூட ஆடியவர்களையும் பார்க்க வேண்டும். ஜோர்டன் பேஸ்பால் ஆடப் போன 1993-94 பருவத்தில் இன்னொரு நட்சத்திரமான ஸ்காட்டி பிப்பனை வைத்துக்கொண்டே புல்ஸ் 55 ஆட்டங்கள் வென்றது. முந்தைய பருவத்தில் 57. லெப்ரான் 2010இல் கிளீவ்லாந்தை விட்டுப் போனதும் அந்த அணி 61 வெற்றியிலிருந்து 19க்கு விழுந்தது. லெப்ரான் தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான் என்று நினைக்கிறேன். எதிர்த்தரப்பும் சும்மா இருக்காது: 55 வென்ற புல்ஸ் பட்டம் வெல்லவில்லை, ஜோர்டன் முழுப் பருவத்துக்கும் திரும்பிய 1995-96இல் 72 வென்று பட்டமும் எடுத்தது.

படி 5: காலத்தை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள்

ரஸ்ஸல் காலத்தில் எட்டு ஒன்பது அணிகள்தான், போட்டியே இல்லை என்பார்கள். அணிகள் குறைவு என்றால் இடங்களும் குறைவு, அதனால் சேம்பர்லைன் போன்ற ஒருவரைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாக வேண்டும் என்றும் பார்க்கலாம். ஜோர்டன் காலத்தில் தடுப்பவர் கையை வைத்துத் தள்ள முடிந்தது, உண்மை. அதை 2004-05இல் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் 2001-02க்கு முன் ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் மண்டலத் தடுப்பாட்டத்துக்கு அனுமதி கிடையாது, அதனால் ஜோர்டனுக்கு ஒருவரை மட்டும் ஏமாற்றினால் போதும் என்ற சூழ்நிலையும் அடிக்கடி கிடைத்தது. விதிமாற்றத்தை எடுத்தால் இரண்டையும் எடுங்கள்.

படி 6: ஆட்டத்தைப் பாருங்கள்

சிறு சிறு கிளிப்பை மட்டும் பார்த்துவிட்டு விவாதிக்க வராதீர்கள். முழு ஆட்டம் பார்க்க நேரமில்லை என்றால் கடைசி கால் பகுதியையாவது பாருங்கள்.

1998 இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம், யூட்டா. கடைசி 42 நொடிகள். ஸ்டாக்டன் மூன்று புள்ளி அடித்து யூட்டாவை 86-83 என முன்னே கொண்டுபோகிறார். ஜோர்டன் உடனே ஒரு லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் பந்தைப் போடுவது), 86-85. அடுத்து பந்து கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் கார்ல் மலோனுக்கு வருகிறது. மலோனின் கவனம் தன்னைக் காக்கும் ஆள்மீது. பின்பக்கமிருந்து வரும் ஜோர்டன் பந்தைத் தட்டிப் பறிக்கிறார். பிப்பன் முதுகுவலியோடு ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் அது. ஜோர்டன் டைம்-அவுட் கேட்கவில்லை, யாருக்கும் பாஸ் கொடுக்கவில்லை. எதிரில் யூட்டாவின் பிரையன் ரஸ்ஸல். வலப்பக்கம் பாய்ந்து, சட்டென்று நின்று, எறிகிறார். 5.2 நொடிகள் மீதி, 87-86. கையால் லேசாகத் தள்ளினாரா என்பது இன்றும் தனி விவாதம். நான் பார்க்கச் சொல்வது அதையல்ல. ஒரு லே-அப், ஒரு பறிப்பு, ஒரு எறிதல், மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஆள் செய்ததை.

2016 இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம். கிளீவ்லாந்து 1-3 என்று பின்தங்கி, 73 வெற்றி கண்ட வாரியர்ஸை இந்த ஆட்டம் வரை இழுத்து வந்திருக்கிறது. 89-89. இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆண்ட்ரே இக்குடாலா எளிதான லே-அப்புக்கு எழும்புகிறார். பின்னாலிருந்து மொத்த மைதானத்தையும் ஓடிக் கடந்து வந்த லெப்ரான் பந்தை பலகையோடு சேர்த்து அறைகிறார். வெற்றி எறிதல் கைரி இர்விங்குடையது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்தத் தொடரில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்திலும் இரண்டு அணிகளையும் சேர்த்து லெப்ரான்தான் முதலிடம்.

மூன்றாவதாக 1985 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் பாஸ்டன் லேக்கர்ஸை 148-114 என்று நொறுக்கியது. கரீம் வெறும் 12 புள்ளி, 3 ரீபவுண்ட். வயது 38. கரீமின் கதை முடிந்தது என்று எழுதினார்கள். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளி, 17 ரீபவுண்ட், 8 அசிஸ்ட். லேக்கர்ஸ் பட்டம் வென்றது, தொடரின் சிறந்த வீரர் அவர்தான். அவருடைய ஸ்கைஹூக்கைக் கவனியுங்கள்: உடலைப் பக்கவாட்டில் திருப்பி, இடது தோளைத் தடுப்பவருக்கும் பந்துக்கும் நடுவே வைத்து, வலது கையை முழுக்க உயர்த்தி உச்சியில் விரல்நுனியால் விடுவிப்பார். ஏழடி இரண்டங்குல மனிதர் இதைச் செய்யும்போது எட்டித் தொட வழியே இல்லை.

படி 7: ஒரு வாக்கியம் எழுதி, கரீமை வைத்துச் சோதியுங்கள்

உங்கள் முடிவையும் காரணத்தையும் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு அந்தக் காரணத்தை அப்படியே கரீமுக்குப் பொருத்துங்கள். "பட்டங்கள் அதிகம், அதனால் லெப்ரானைவிட ஜோர்டன்" என்றால், கரீமிடமும் ஆறு இருக்கிறது, எம்விபி ஒன்று கூடுதலாக இருக்கிறது. "நீண்ட காலம் ஆடினார், அதனால் ஜோர்டனைவிட லெப்ரான்" என்றால், கரீம் இருபது பருவம் ஆடினார், பட்டமும் லெப்ரானைவிட இரண்டு அதிகம். அப்படியிருந்தும் கரீம் உங்கள் பட்டியலில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருந்தால், நீங்கள் எழுதிய காரணம் உங்கள் உண்மையான காரணம் இல்லை. உண்மையான காரணத்தைத் தேடி எழுதுங்கள். இந்த இரண்டு பேர் சண்டையில் கரீமின் பெயரே வராமல் போவது எனக்குப் பல வருடமாக இருக்கும் ஆதங்கம்.

என் வாக்கியம் இது: ஒரே ஒரு ஏழு ஆட்டத் தொடரை வென்றே ஆக வேண்டும் என்றால் 1991இன் ஜோர்டனை எடுப்பேன், ஏனென்றால் பிளேஆஃபில் ஆட்டத்துக்கு 31 புள்ளிக்கு மேல் சராசரி வைத்துக்கொண்டு, கூடையிலிருந்து தள்ளி ஆடும் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரையும் அடக்கக் கூடியவர் அவர். கரீமை வைத்துச் சோதித்தால்? 1971இன் கரீம் கிட்டே வருகிறார். ஆனால் உயரமானவருக்கு இன்னொருவர் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்; ஜோர்டனுக்கு அது தேவையில்லை. கேள்வியை முழு ஆட்ட வாழ்க்கை என்று மாற்றினால் தயங்காமல் லெப்ரான் என்பேன், அவருக்கு மிக அருகில் கரீமை வைப்பேன்.

எதிரில் இருப்பவரையும் இதே போல ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதும் காரணத்தை வைத்தே பேசுங்கள். பாதியில் அளவுகோலை மாற்றினால் அந்த இடத்திலேயே சுட்டிக்காட்டுங்கள், நீங்களும் மாற்றாதீர்கள்.