பீம் கம்பி கட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்?

"கம்பி தாராளமாப் போட்டிருக்கோம் சார்" என்று சைட்டில் சொல்வார்கள். எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. எங்கே என்பதுதான் முதல் கேள்வி. காங்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் சீக்கிரம் விரிசல் விடும். இழுவை வரும் பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும். கம்பியின் அளவும் எண்ணிக்கையும் இன்ஜினியரின் வரைபடத்தில் இருக்கும். காங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பாருங்கள்.

படி 1: மேலா, கீழா?
இரண்டு தூண்களுக்கு நடுவில் இழுவை பீமின் அடிப்பக்கம். அதே பீம் அடுத்த அறைக்கும் தொடர்ந்தால், தூணை ஒட்டிய இடத்தில் இழுவை மேல்பக்கம். பால்கனியைத் தாங்கும், ஒரு முனை மட்டும் பிடிப்புள்ள பீமில் முழுக்க மேலேதான். இங்கே முக்கியக் கம்பியைக் கீழே கட்டினால், எத்தனை கம்பி போட்டும் பயனில்லை.

படி 2: இடைவெளி
கம்பிகளுக்கு நடுவே ஜல்லி இறங்க வேண்டும். 20 மி.மீ. ஜல்லி என்றால் குறைந்தது 25 மி.மீ. சந்து தேவை. 230 மி.மீ. அகல பீமில் இருபக்கமும் 25 மி.மீ. கவரும் (கம்பிக்கு வெளியே மூடியிருக்கும் காங்கிரீட்டின் கனம்) 8 மி.மீ. ரிங்கும் (முக்கியக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) போக மிஞ்சுவது 164 மி.மீ. அதில் 16 மி.மீ. கம்பி நான்கு வைத்தால் சந்து 33 மி.மீ.; சரி. ஐந்து வைத்தால் 21 மி.மீ.தான். ஜல்லி மேலேயே சிக்கி, அடியில் தேன்கூடு போல ஓட்டை விழும். ஐந்தாவதை இரண்டாம் வரிசைக்கு ஏற்றச் சொல்லுங்கள்.

படி 3: கவர் பிளாக்
கம்பி அடிப்பலகையில் படுத்திருந்தால் பின்னாளில் துருப்பிடிக்கும். அதைக் கவர் அளவுக்குத் தூக்கி வைக்கும் சிறு துண்டுதான் கவர் பிளாக். அதற்காக உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்து அதிகம் தூக்கவும் கூடாது: 300 மி.மீ. உயர பீமில் 25 மி.மீ. கூடுதலாக ஏறினால் தாங்கும் திறனில் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

படி 4: ரிங்
தூணருகே சாய்வு விரிசலைத் தடுப்பது ரிங்தான். அதனால் அங்கே நெருக்கம், நடுவில் தளர்வு. ரிங்கின் முனையிலுள்ள கொக்கி 135 டிகிரி மடங்கி உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். 90 டிகிரி கொக்கி நிலநடுக்கத்தில் பிரிந்துவிடும்.

படி 5: ஒட்டு
ஒரு கம்பி முடியும் இடத்தில் அடுத்த கம்பியைச் சேர்த்துக் கட்டுவதுதான் ஒட்டு. அடிக்கம்பியை நடுவிலும், மேல்கம்பியைத் தூணருகிலும் ஒட்டக் கூடாது. எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி வரட்டும்.

அப்புறம், காங்கிரீட் போடும்போது பால்கனிக் கம்பிமேல் யாரும் ஏறி நிற்காமல் நடைபலகை போடச் சொல்லுங்கள். மிதித்தால் மேலே இருக்க வேண்டிய கம்பி கீழே இறங்கிவிடும்.