மெகாவாட்டை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்

வீட்டு கீசரில் இருந்தே ஆரம்பிக்கலாம். 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். அதே 1 யூனிட்டைத் தின்ன 10 வாட் எல்இடி பல்புக்கு 100 மணி நேரம் வேண்டும். வாட் என்பது குழாயில் தண்ணீர் வரும் வேகம், யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த தண்ணீர். இபி பில் குடத்துக்குத்தான் வருகிறது.

இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் "கமுதி சோலார் 648 மெகாவாட், கூடங்குளத்தில் ஓர் உலை 1000 மெகாவாட், ஒன்றரை மடங்குதானே வித்தியாசம்" என்கிறார்கள். 648 என்பது நல்ல வெயிலில் கிடைக்கும் உச்சம். ராத்திரி, மேகம், சாயங்காலம் எல்லாம் சேர்த்துச் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 31 லட்சம் யூனிட், ஆனால் உலை முழுத் திறனில் நிற்காமல் ஓடினால் 240 லட்சம். கிட்டத்தட்ட எட்டு மடங்கு! சோலார் மட்டம் என்று சொல்ல வரவில்லை, ஒப்பிடுவதானால் யூனிட்டை ஒப்பிடுங்கள், அவ்வளவுதான்.

அணு உலை அணுகுண்டு மாதிரி வெடிக்கும் என்பது இன்னொரு தப்பான எண்ணம். கூடங்குளம் மாதிரி உலையின் எரிபொருளில் எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235 நூற்றுக்கு நான்கைந்துதான், குண்டுக்குத் தொண்ணூறு பக்கம் வேண்டும். 2011இல் ஃபுகுஷிமாவில் கட்டடங்கள் சிதறியது ஹைட்ரஜன் வாயு வெடித்ததால். அதற்காக ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது, வெளியே கசியும் கதிரியக்கம்தான் அங்கே பிரச்சினை.

கதிரியக்கம் என்றதும் "யுரேனியம் 450 கோடி வருஷம் ஆனாலும் பாதிதான் குறையும், எவ்வளவு பயங்கரம்!" என்பார்கள். இது தலைகீழ்க் கணக்கு. யுரேனியம்-238 அவ்வளவு மெதுவாகச் சிதைவதால்தான் ஒரு விநாடிக்கு அது விடும் கதிர் குறைவு. அயோடின்-131க்கு அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள், ஆரம்பத்தில் கடுமையாக அடிக்கும், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். உண்மையான தொல்லை நடுவில் இருப்பவை. சீசியம்-137க்கு 30 வருஷம். கதிரும் பலமாக இருக்கும், நம் ஆயுசு முழுக்க மண்ணிலும் கிடக்கும்.

அப்புறம் விண்வெளி. அங்கே ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள் என்று பள்ளியிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் உள்ள ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுவதால் பூமியின் வளைவைத் தாண்டித் தாண்டி விழுகிறார்கள். ஒரு கிலோ பொருளை அந்த உயரத்துக்குச் சும்மா தூக்க ஆகும் ஆற்றலைப் போல எட்டு மடங்கு, அந்த வேகத்தைக் கொடுக்க ஆகும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பி, கொஞ்ச நேரத்திலேயே கடல் பக்கம் சாயும்போது "ஐயோ, திசை மாறிடுச்சே" என்று பழவேற்காடு பக்கம் யாராவது பதறினால் சொல்லுங்கள், அது போக வேண்டிய வழியே அதுதான்.