கார்ன்வால் கரோல்களைச் சேகரிப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

இங்கிலாந்து வரைபடத்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் கார்ன்வால். வெள்ளீயமும் செம்பும் தோண்டியவர்களும் மீன் பிடித்தவர்களும் வாழ்ந்த மண். மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபை அங்கே ஆழமாக வேரூன்றியது, அதோடு சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என மேலிருந்து கீழாக நான்கு குரலில் சேர்ந்து பாடும் பழக்கமும் ஊர் ஊராக ஊறிப்போனது. இன்றைக்கும் டிசம்பர் வந்தால் பாட்ஸ்டோ போன்ற ஊர்களில் வீதியிலும் பப்பிலும் நின்று தங்கள் ஊர் கரோல்களை, அதாவது கிறிஸ்துமஸ் பாட்டுகளை, பாடுகிறார்கள். ஆனால் சாப்பல்கள் எனும் அந்தச் சபையின் சிறு ஆலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன, பாடுகிறவர்களுக்கும் வயதாகிறது. அதனால் அங்கே வசிக்கிறவர்களோ படிக்கப் போனவர்களோ, இதில் ஆர்வம் இருந்தால், இசைப் பட்டம் எல்லாம் இல்லாமலே தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் வரிகள் ஏற்கெனவே அச்சில் இருக்கின்றன. அச்சில் இல்லாதது, இந்த ஊர்க்காரர்கள் அதை எப்படிப் பாடுகிறார்கள் என்பது: எந்த மெட்டில், எந்த வரியைத் திருப்பி, எந்த இடத்தில் பேஸ் முதலில் எடுத்து, எங்கே இழுத்து. நீங்கள் சேகரிக்கப் போவது அதைத்தான்.

முதலில் ஒரே ஊர், முடிந்தால் ஒரே சாப்பல்

கார்ன்வால் முழுவதையும் அளந்துவிடலாம் என்று கிளம்பினால் எதுவும் முடியாது. ஒரு ஊர், அங்கே டிசம்பரில் பாடும் ஒரு குழு, அவர்கள் பாடும் பத்துப் பன்னிரண்டு பாட்டு, அது போதும். கேட்கும்போது ‘கரோல்’ என்று மட்டும் கேட்காமல் ‘கர்ல்ஸ்’ என்றும் கேட்டுப் பாருங்கள், பழைய பாடகர்கள் வாயில் அப்படித்தான் வரும்.

அப்புறம், அச்சில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்

இதைச் செய்யாமல் போனால், எல்லோருக்கும் தெரிந்த பாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிப்பீர்கள். செயின்ட் எர்த் என்ற ஊரில் பிறந்து, பிற்பாடு லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் தலைவராகவே ஆன டேவீஸ் கில்பர்ட், தன் பகுதியில் கேட்ட கரோல்களை 1822இல் மெட்டோடு அச்சிட்டார். மறு ஆண்டே விரிவான பதிப்பும் வந்தது. வில்லியம் சாண்டிஸின் பெரிய தொகுப்பு 1833இல் வந்தது. இன்று உலகமே பாடும் ‘தி ஃபர்ஸ்ட் நோவெல்’ பாட்டின் வரிகள் கில்பர்ட்டின் 1823 பதிப்பிலும் மெட்டு சாண்டிஸிலும் இருக்கின்றன. ரால்ஃப் டன்ஸ்டன் 1929இல் வெளியிட்ட கார்ன்வால் பாட்டுப் புத்தகத்தையும் விட்டுவிடக் கூடாது.

இவர்களைவிட முக்கியமாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் தாமஸ் மெரிட், 1863 முதல் 1908 வரை வாழ்ந்தவர். இல்லோகன் ஊர்க்காரர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர், உடம்பு ஒத்துழைக்காமல் அதை விட்டுவிட்டு இசைக்கு வந்தவர். கார்ன்வாலில் ‘இது எங்கள் பரம்பரைப் பாட்டு’ என்று யாராவது நெஞ்சில் கைவைத்துப் பாடினால், பாதி நேரம் அது மெரிட் போட்டதாக இருக்கும். அதைச் சொல்லி அவர்களை மடக்காதீர்கள். போட்டவர் பெயர் தெரிந்த பாட்டாக இருந்தாலும், நூறு வருடம் ஒரு ஊர் பாடியிருந்தால் அது அந்த ஊர் பாட்டுதான் என்பது என் கட்சி.

பாட்டுகளை அடையாளம் காண ரவுட் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, லண்டன் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரே பாட்டு பத்துத் தலைப்பில் பதிவாகியிருந்தாலும் ஒரே எண்ணின்கீழ் வந்துவிடும். ‘வைல் ஷெப்பர்ட்ஸ் வாட்ச்டு’ பாட்டுக்கு 936.

இந்த 936தான் நல்ல பாடம். வரிகள் நாஹும் டேட் எழுதி 1700இல் அச்சானவை. ஒவ்வொரு சரணமும் 8, 6, 8, 6 என்ற அசைக் கணக்கில் இருக்கும். அதே கணக்கில் அமைந்த எந்த மெட்டையும் இதன்மேல் தூக்கி உட்காரவைக்கலாம் என்பதால், ஊருக்கு ஊர் வேறு வேறு மெட்டில் பாடினார்கள். கார்ன்வால்காரர்கள் பாடும் ‘லிங்ஹம்’ மெட்டு நார்த்தாம்ப்டன்ஷயர் பக்கத்துத் தாமஸ் ஜார்மன் போட்டது, கார்ன்வாலுக்கே சம்பந்தமில்லாதது. ஆனால் அதைக் கேட்டுப் பாருங்கள், கடைசி வரி வரும்போது எல்லாக் குரலும் ஒன்றாக முடிக்காது. ஒரு குரல் எடுக்க, அடுத்தது அதைத் துரத்திக்கொண்டு வர, மூன்றாவது குறுக்கே பாய, கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும். அதனால் உங்கள் குறிப்பில் வெறும் பாட்டுத் தலைப்பை எழுதினால் பிரயோஜனமே இல்லை. தலைப்பு, முதல் வரி, மெட்டின் பெயர் மூன்றும் தனித்தனியாக வேண்டும். மெட்டுப் பெயர் தெரியாவிட்டால் பாடுகிறவர்கள் அதை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதையே எழுதுங்கள்.

முதல் தடவை கருவி எதுவும் இல்லாமல் போங்கள்

போய் நில்லுங்கள், கேளுங்கள், தெரிந்த இடத்தில் கூடப் பாடுங்கள். யார் தொடங்கிவைக்கிறார், சுருதி யார் கொடுக்கிறார், யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். எடுத்தவுடன் மைக்கை நீட்டினால் அவர்கள் கச்சேரிக்குப் பாடுவது போலப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். பதிவு செய்ய அனுமதி கேட்பதும் முகம் பழகிய பிறகு கேட்டால்தான் சரியாக வரும்.

பதிவு

போன் போதுமா என்றால், ஒன்றும் இல்லாததற்குப் போதும். ஆனால் கையடக்க ரெக்கார்டர் ஒன்று கிடைத்தால் நல்லது. வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆவணக் காப்பகங்கள் எதிர்பார்க்கும் அளவு அது. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும், இன்றைய மெமரி கார்டு விலைக்கு இது ஒரு செலவே இல்லை. எம்பி3யில் எடுத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், போன ஒலி போனதுதான். சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேஸ் குரல் எழும்பும் இடத்திலெல்லாம் அது அமுக்கிவிடும். மேசைமேல் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். பப் என்றால் கண்ணாடித் தம்ளர் வைக்கும் சத்தம் மேசை வழியாக நேராக மைக்குக்குள் ஏறும். தொடங்கும்போது தேதி, ஊர், இடம் மூன்றையும் உங்கள் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நான்கு குரல் பாட்டில் இன்னொரு சிக்கல். சேர்ந்து பாடுவதைப் பதிவு செய்தால் உள்ளே ஆல்டோ என்ன பாடினார் என்று பிறகு பிரித்தெடுக்க முடியாது. சரி, ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச் சொல்லலாம் என்றால், பாதிப் பேர் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவார்கள், பக்கத்துக் குரல் காதில் விழுந்தால்தான் அவர்களுக்குத் தங்கள் வரி ஓடும். அதனால் நடுவில் ஒரு ரெக்கார்டரை வைத்துவிட்டு, சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக்கை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குரல்காரருக்கு மாட்டுங்கள். அதே பாட்டை நான்கு முறை பாட வேண்டியிருக்கும். சந்தோஷமாகப் பாடுவார்கள், அலுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பாடி முடித்த பிறகு கேட்க வேண்டியவை. ‘இந்தப் பாட்டு எவ்வளவு பழையது?’ என்று கேட்டால் ‘ரொம்பப் பழையது’ என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, யார் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டீர்கள், சின்ன வயதில் பாடி இப்போது பாடாத பாட்டு எது, பக்கத்து ஊரில் இதை எப்படிப் பாடுவார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எப்போதும் நீளமான பதில் கிடைக்கும், கொஞ்சம் கிண்டலோடு.

கையெழுத்துப் புத்தகங்கள்

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. சாப்பல் அலமாரியிலோ யார் வீட்டு மாடியிலோ கையால் எழுதிய பாட்டு நோட்டு ஒன்று கிடைக்கும். நீளவாக்கில் அகலமாக, தோல் முதுகு உரிந்து, விரல் பட்ட மூலைகள் கறுத்து இருக்கும். திறந்தால் ஒரே ஒரு வரிசை சுரங்கள், அதுவும் தாழ்ந்த குரலுக்கான பேஸ் கிளெஃப் குறி போட்டு, நடு நடுவே நீண்ட ஓய்வுக் குறிகள். பாட்டு எங்கே என்று குழம்ப வேண்டாம், அது பேஸ் பாடியவருடைய நோட்டு, அவருக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறார். மற்ற மூன்று நோட்டுகள் வேறு மூன்று வீடுகளில் இருந்தன, இருக்கின்றனவா என்று தேடுவது உங்கள் வேலை. ஓய்வுக் குறிகளை எண்ணினாலே மற்றக் குரல்களுக்கு இடம் விட்டு பேஸ் எத்தனை மாத்திரை கழித்து நுழைகிறது என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

நான்கு குரலும் சேர்ந்து எழுதிய பக்கம் கிடைத்தால், மேல் வரிசைதான் மெட்டு என்று அவசரப்பட வேண்டாம். பழைய கேலரிக் குழுக்கள், அதாவது ஆர்கன் வருவதற்கு முன் தேவாலய மாடத்தில் பிடிலும் பாசூன் என்ற ஊதுகருவியும் வைத்துப் பாடியவர்கள், மெட்டை டெனருக்குத்தான் கொடுத்தார்கள். இன்னும் சில நோட்டுகளில் மேற்கத்திய சுரம் எழுதும் ஐந்து கோடே இருக்காது, டோ ரே மீ எழுத்துகளும் முக்காற்புள்ளிகளும்தான் இருக்கும். டானிக் சோல்ஃபா என்ற முறை அது. நம்மூர் சபை கொயர்களில் பாடியவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்கள், மற்றவர்கள் ச ரி க ம எழுதிய நோட்டைப் படிப்பதுபோல் படிக்கலாம், ‘ச’ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது உட்பட.

நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். இருக்கும் இடத்திலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். அட்டை, வெற்றுப் பக்கம், நடுவில் செருகிய துண்டுச் சீட்டு எதையும் விடாதீர்கள், யார் எழுதினார், எந்த வருடம் என்பது பெரும்பாலும் அந்த வெற்றுப் பக்கத்தில்தான் இருக்கும். விரியாத முதுகை அழுத்தி விரிக்கக் கூடாது. கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. பக்கத்தில் பேனா வேண்டாம், பென்சில் மட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே கோப்புகளுக்குப் பெயர் வைத்துவிடுங்கள்: வருடம் மாதம் நாள், ஊர், பாட்டு, குரல் என்ற வரிசையில். மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் மட்டும் வெட்டுதல் ஒட்டுதல் செய்யுங்கள், அதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில்.

சுரம் எழுத மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம். எழுதும்போது திருத்தாதீர்கள். அச்சுப் புத்தகத்தில் ஒரு சுரம், பாடியவர் வாயில் வேறு சுரம் என்றால் பாடியதை எழுதிவிட்டு அச்சில் உள்ளதை ஓரத்தில் குறியுங்கள். இரண்டாம் சரணத்தில் வேறு மாதிரிப் பாடினால் அதையும் தனியாக. ஊர் அடையாளம் இருப்பதே இந்த ‘தவறு’களில்தான்.

உரிமை விஷயம் சுருக்கமாக. பிரிட்டனில் பாட்டுப் போட்டவர் இறந்த ஆண்டு முடிந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. மெரிட் பாட்டுகளுக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் பிற்காலத்தில் யாராவது புதிதாக ஒழுங்குபடுத்தி வெளியிட்ட வடிவத்துக்குத் தனி உரிமை இருக்கலாம். பாடியவர்களுக்கும் தங்கள் குரல்மீது உரிமை உண்டு. காப்பகத்தில் வைக்க, இணையத்தில் போட, பெயர் குறிப்பிட என்று மூன்றுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். காப்பகத்துக்குச் சரி, யூடியூப் வேண்டாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், அது அவர்கள் விருப்பம்.

கொடுக்க வேண்டிய இடம், ரெட்ரூத் ஊரில் பழைய மதுபான ஆலைக் கட்டடத்தில் 2019இல் திறந்த கிரெசன் கெர்னோ. கார்ன்வாலின் ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. கொண்டுபோவதற்கு முன் எழுதிக் கேளுங்கள், எந்த வடிவத்தில் வேண்டும் என்று சொல்வார்கள்.

கார்ன்வாலுக்குப் போக முடியாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செம்பு விலை விழுந்த காலத்தில் அந்தச் சுரங்கக்காரர்கள் உலகமெங்கும் பிழைக்கப் போனார்கள், கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலிக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவின் மூண்டாவுக்கும் கரோல்களும் கூடவே போயின. அவர்களில் ஒரு பகுதியினர் வந்த இடம் கோலார் தங்கவயல், அங்கே அவர்களோடு நிலத்துக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உங்கள் வீடு தங்கவயல் வீடாக இருந்து, தாத்தா கொயரில் பாடியவராக இருந்தால், பரணில் கிடக்கும் பாட்டு நோட்டுகளை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஏதாவது கிடைத்தால் மேலே சொன்னபடி ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்து, கிரெசன் கெர்னோவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

பாடியவர்களுக்குப் பிரதி கொடுப்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஒலிப்பதிவு, சுரம் எழுதிய தாள் இரண்டும் அடுத்த டிசம்பருக்கு முன்னால் அவர்கள் கையில் இருக்க வேண்டும், தாளில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், பப் வெளிச்சத்தில் வைத்துத்தான் படிப்பார்கள்.